உலகப்பிரகாரமான உதவி நிகழ்ச்சிகளில் கிறிஸ்தவ விழுமியங்களைத் தேடுவது சரியா?

கேள்வி: ஞாயிறுபள்ளி ஆசிரியை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையில் 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து வருகிறேன். இரக்கத்தைப் பற்றியோ தாழ்மையைப் பற்றியோ எந்த வேதபாடத்தைத் தொடங்கினாலும், பிள்ளைகள் அதைத் தாங்கள் பார்த்த ஏதாவது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவை கெட்ட நிகழ்ச்சிகளும் அல்ல. நொடிந்துபோன குடும்பத்துக்குப் பலர் கூடி வீடு கட்டிக் கொடுப்பது, ஒரு முதலாளி அடையாளத்தை மறைத்துத் தன் தொழிலாளிகளோடு வேலை பார்த்து அவர்கள் படும் பாட்டை அறிந்துகொள்வது, உடைந்துபோன பரம்பரைப் பொருளைக் கைவினைஞர்கள் பொறுமையாகச் சரிசெய்து உரியவரிடம் ஒப்படைப்பது என்று, பிறருக்கு உதவுவதையே பொருளாகக் கொண்டவை. அவற்றில் தேவனுடைய பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. ஆனாலும் நல்ல சமாரியன் உவமையை நான் நடத்தியபோது கொட்டாவி விட்ட பிள்ளை, அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குகிறான்.

இவற்றில் சில பகுதிகளை வகுப்பில் காட்டி, அங்கிருந்து வேதவசனத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். எங்கள் சபை மூப்பர் ஒருவர் இதற்குச் சம்மதிக்கவில்லை. "உலகத்தாருடைய நற்கிரியையைக் காட்டிக் கிறிஸ்துவை அறிவிக்க வேண்டிய அவசியம் நமக்கு எப்போது வந்தது?" என்று கேட்டார். அவர் சொல்வதை என்னால் ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை. எனக்கே இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன. தேவனை நம்பாத ஒருவர் மனமுவந்து செய்த நன்மைக்கு நாம் கிறிஸ்தவ முத்திரை குத்தினால், அது பிறர் விளைச்சலை நம் களஞ்சியத்தில் சேர்ப்பதாகாதா? மறுபக்கம், முத்திரை குத்தாமல் விட்டுவிட்டால், நல்லவர்களாக இருந்தால் போதும், விசுவாசம் தேவையில்லை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட மாட்டார்களா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மெலித்தா

சகோதரிக்கு வாழ்த்துகள். உங்கள் மூப்பர் கேட்ட கேள்விக்கு அப்போஸ்தலருடைய நடபடிகள் 28ஆம் அதிகாரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. என் புனைபெயரும் அங்கிருந்து எடுத்ததுதான். கப்பற்சேதத்துக்குப் பிறகு பவுலும் அவரோடிருந்தவர்களுமாக 276 பேர், நனைந்த உடையோடு மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் கரையேறுகிறார்கள். அங்கே இருந்தவர்கள் சுவிசேஷத்தைக் கேள்விப்பட்டவர்கள் அல்ல. பவுலின் கையில் பாம்பு தொற்றிக்கொண்டதைக் கண்டு முதலில் அவரைக் கொலைபாதகன் என்றும், அவருக்கு ஒன்றும் நேராததைக் கண்டு பிறகு அவரைத் தேவன் என்றும் சொன்னவர்கள். அவர்களைப் பற்றித்தான் லூக்கா, "அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல" என்று எழுதுகிறார். மழைக்கும் குளிருக்கும் அவர்கள் நெருப்பு மூட்டினார்கள் என்பதைக்கூட அவர் விடவில்லை. இதில் நான் கவனிப்பது, லூக்கா அந்த அன்பைக் கிறிஸ்தவ அன்பு என்று மாற்றிப் பெயரிடவும் இல்லை, விசுவாசமில்லாதவர்களின் அன்பு என்று தரம் குறைக்கவும் இல்லை என்பதே. நடந்ததை நன்றியோடு எழுதி வைத்துவிட்டு மேலே செல்கிறார். உங்களுடைய முதல் தயக்கத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அத்தேனே பட்டணத்திலும் பவுல் இதே வழியில்தான் நடந்தார். "நாம் அவருடைய சந்ததியார்" என்று அவர் எடுத்துச் சொன்ன வரி, அராட்டஸ் என்ற கிரேக்கப் புலவர் சீயுஸ் கடவுளைப் பற்றிப் பாடியது. கேட்டவர்களுக்கு மனப்பாடமாயிருந்த வரியிலிருந்து தொடங்கி, அவர்கள் அறியாததற்கு அவர்களை அழைத்துச் சென்றார். பிள்ளைகளுக்கு இன்று மனப்பாடமாயிருப்பது தொலைக்காட்சி என்றால் அங்கிருந்து தொடங்குவதில் பிழையில்லை. இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாக மரித்த யுஸ்தீன் இன்னும் ஒரு படி மேலே போய், எவர் சரியாகச் சொன்னதும் கிறிஸ்தவர்களாகிய நமக்கு உரியது என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட களஞ்சிய ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சீர்திருத்த மரபினர் பொதுக்கிருபை என்று சொல்வது எனக்கு அதிகப் பொருத்தமாகப் படுகிறது. நீதியுள்ளவர்மேலும் அநீதியுள்ளவர்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறவர், இரக்கத்தையும் வேலி போட்டுக் கொடுக்கவில்லை. அப்படிப் பார்த்தால், ஓர் அந்நியரின் நற்செயலைக் கண்டு நாம் தேவனுக்கு நன்றி சொல்லலாம். அதற்காக அந்தச் செயலைச் செய்தவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று. உலகப்பிரகாரமான நிகழ்ச்சி, கிறிஸ்தவ நிகழ்ச்சி என்ற பிரிவினை நாம் நினைப்பதுபோல் அத்தனை கறாரானது அல்ல. அமெரிக்காவில் 1968 முதல் 2001 வரை நாடு முழுவதும் ஒளிபரப்பான 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' என்ற சிறுவர் நிகழ்ச்சியை நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், 1963இல் பிரஸ்பிட்டேரியன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். அவர் அந்த நிகழ்ச்சியைப் பிரசங்க மேடையாக்கவில்லை. 1969இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், வெயில் நாளில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் கால்களை நனைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். காவலர் வேடத்தில் நடித்த கறுப்பினத்தவரான பிரான்சுவா கிளெமன்ஸ் அந்த வழியே வருகிறார். நீங்களும் வந்து கால் நனையுங்கள் என்று ரோஜர்ஸ் அழைக்கிறார். தம்மிடம் துண்டு இல்லை என்று அவர் தயங்க, என்னுடையதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார். ஒரே தொட்டித் தண்ணீரில் இரண்டு நிறத்துப் பாதங்கள். அந்நாட்டில் நீச்சல் குளத்தில் யார் இறங்கலாம் என்பதே நிறத்தின் பெயரால் சண்டையாக இருந்த காலம் அது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1993இல், அதே காட்சி மீண்டும் இடம்பெற்றபோது ரோஜர்ஸே கிளெமன்ஸின் பாதங்களைத் துடைத்துவிட்டார். இயேசு சீஷரின் கால்களைக் கழுவித் துடைத்த யோவான் 13ஆம் அதிகாரம் என்று யாரும் அங்கே அறிவிக்கவில்லை. அதை வகுப்பில் காட்டி, எந்த அதிகாரம் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: ஆணிவேர்

மெலித்தா அவர்கள் எழுதியதோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் சகோதரியின் இரண்டாவது தயக்கத்தை அவர் தொடவே இல்லை. மூப்பரின் கவலையும் அதுவாகத்தான் இருக்கும். இந்த நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு நற்செய்தி இருக்கிறது: மனிதன் அடிப்படையில் நல்லவன், வாய்ப்புக் கொடுத்தால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். பாவம் என்ற பேச்சு அங்கே கிடையாது. ஆகவே மன்னிப்பு என்ற பேச்சும் பெரும்பாலும் கிடையாது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் வசனத்தைப் படிக்கும் பிள்ளைக்கு, நற்கிரியை செய்தவரே கதாநாயகர் என்ற பாடத்தை வாரந்தோறும் காட்டினால், எது மனதில் தங்கும் என்று யோசிக்க வேண்டும்.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் வரும் ரோம நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வரலாற்றை இதற்குப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். அவர் செய்த தருமங்கள் தேவசந்நிதியில் எட்டியிருக்கின்றன என்று தூதன் சொல்கிறான். அவை வீண் என்று சொல்லவில்லை. ஆனாலும் யோப்பாவுக்கு ஆளனுப்பிப் பேதுருவை அழைத்து அவர் சொல்வதைக் கேள் என்கிறான். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் வகுப்பு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நிகழ்ச்சியைக் காட்டுவதானால் பேதுருவையும் கையோடு அழைத்து வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மறுமொழி 3: தொகுப்பு மேசை

நான் தொலைக்காட்சியில் படத்தொகுப்பு வேலை பார்த்தவன். இத்தகைய உதவி நிகழ்ச்சிகளையும் தொகுத்திருக்கிறேன். நானும் விசுவாசிதான். இதுவரை எழுதியவர்கள் உதவி செய்கிறவரைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். உதவி பெறுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. கிறிஸ்தவ விழுமியத்தை எங்கே தேடுவது என்று கேட்டால், நான் அங்கேதான் தேடச் சொல்வேன்.

அந்த மேசையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். புதுவீட்டின் கதவைத் திறந்து ஒரு தாய் உள்ளே வருகிறார். வெளிச்சம் சரியில்லை என்றால் வெளியே போய் மறுபடி ஒருமுறை திறந்து வரச் சொல்வார்கள். இரண்டாம் முறை வரும் வியப்பு கொஞ்சம் நடிப்பாகத்தான் இருக்கும். தொகுக்கும்போது, அழுகை வருவதற்கு முன்பு உதடு துடிக்கும் அந்த இரண்டு விநாடியை வெட்டாதே என்பது எங்களுக்குச் சொல்லப்படும் பாடம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், பக்கவாட்டுக் கேமராவில் அந்த முகம் கிடைக்கிறதா என்று தேடுவோம். மறைத்துக்கொள்ள விரும்பிய முகத்தைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. இது மோசமான மனிதர்கள் செய்வதல்ல; நான் கூட வேலை செய்தவர்களில் பலர் உண்மையிலேயே இளகிய மனதுள்ளவர்கள். ஆனால் நிகழ்ச்சிக்குக் கண்ணீர் வேண்டும். அது கொடுப்பவரிடமிருந்து கிடைக்காது, வாங்குகிறவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

இது இன்று தோன்றியதும் அல்ல. அமெரிக்காவில் வானொலியில் தொடங்கி, 1956 முதல் 1964 வரை நாடு தழுவிய தொலைக்காட்சியில் வந்த 'குயீன் ஃபார் எ டே' என்ற நிகழ்ச்சியில் பெண்கள் தங்கள் கஷ்டத்தை அரங்கத்தின் முன் வரிசையாகச் சொல்வார்கள். யாருடைய கஷ்டத்துக்குக் கைதட்டல் அதிகம் என்று ஒரு கருவி அளந்து காட்டும். வென்றவருக்குக் கிரீடமும் பரிசுப் பொருள்களும். தோற்றவர் தம் கஷ்டம் போதாது என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புவார். இன்றைய நிகழ்ச்சிகளில் கருவி இல்லை. தேர்வு, படப்பிடிப்புக்கு முன்பே அலுவலகத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

இதை ரூத்தின் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்தைப் பற்றி, வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் தன் வேலைக்காரருக்கு என்ன சொல்கிறான்? அவள் பொறுக்கிக்கொள்ளும்படி அரிகளிலே சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்கிறான். ரூத்துக்கு அது தற்செயலாகக் கிடந்த கதிராகவே தெரிய வேண்டும். தான் உழைத்துப் பொறுக்கியதாகவே அவள் மாமியாரிடம் கொண்டுபோக வேண்டும். ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் இறந்துபோன மகளை எழுப்பும்போது இயேசு கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் மூன்று சீஷரையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். எழுந்த பிறகு, இதை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாம் என்று கட்டளையிட்டு, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். எந்தத் தயாரிப்பாளரும் அந்தக் கூட்டத்தை வெளியே அனுப்பியிருக்க மாட்டார்.

இன்னொன்று, உதவிக்குப் பிறகு வரும் நாள்கள். 2003 டிசம்பரில் தொடங்கி 2012 வரை வந்த 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' நிகழ்ச்சியில் ஒரே வாரத்தில் பெரிய வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றில் சிலவற்றை, வரியும் மின்கட்டணமும் பராமரிப்புச் செலவும் கூடிப்போய்த் தாங்க முடியாமல், உரியவர்கள் விற்கவோ கடனுக்கு இழக்கவோ நேர்ந்ததாகப் பின்னாளில் செய்திகள் வந்தன. நல்ல சமாரியனிடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் காயத்தில் எண்ணெய் வார்த்தது அல்ல. மறுநாள் காலையில் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறானே, அந்த இடம். தொலைக்காட்சிக்கு அந்தக் காட்சி சலிப்பூட்டும். அடிபட்டவனுக்கோ அதுதான் உயிர்.

இவ்வளவும் எழுதியதால் காட்டவே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் 2017இல் தொடங்கிய 'தி ரிப்பேர் ஷாப்' போன்றவற்றில் எனக்கு இந்த உறுத்தல் குறைவு. அங்கே நேரத்தில் பெரும்பகுதி பொருளுக்கும் கைக்கும் போகிறது. நைந்துபோன பொம்மைக் கரடியின் தையலைப் பிரித்து உள்ளே பஞ்சு மாற்றும்போதும், தேய்ந்த இடத்தை முழுக்கப் புதிதாக்காமல், பிள்ளைப் பருவத்தில் கட்டிப்பிடித்த தடத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நெரிந்த நாணலை முறிக்காதவரைப் பற்றிய ஏசாயா தீர்க்கதரிசனத்தை வகுப்பில் விளக்க அதைவிட நல்ல காட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

மறுமொழி 4: வேற்று வாசகி

நான் கிறிஸ்தவள் அல்ல. இதே நிகழ்ச்சிகளை என் வீட்டிலும் பார்க்கிறோம். ஆகவே இந்தப் பேச்சில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்து எழுதுகிறேன். எவர் சரியாகச் சொன்னதும் நமக்கு உரியது என்று யுஸ்தீன் கூறியதாக மேலே படித்தபோது, எனக்குச் சற்றுச் சுருக்கென்றது. மெலித்தா ஐயாவே அந்த ஆபத்தைச் சுட்டியதால் மேற்கொண்டு படித்தேன்.

படத்தொகுப்பாளர் எழுதியது எனக்குப் புதிதல்ல. "இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல்" என்ற குறளுக்கு, கேட்பவர் தம் வறுமையை வாய்விட்டுச் சொல்லும் துன்பத்துக்கு ஆளாகும் முன்பே கொடுத்துவிடுவது என்று ஓர் உரை உண்டு. போவாஸ் செய்தது அதுவேதான். இதைக் கேட்டு நீங்கள் குறளைக் கிறிஸ்தவமாக்க வேண்டாம். நான் போவாஸைக் குறள் வழி நடந்தவராக்கவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே அளவுகோல் இருக்கிறது என்றால், அதைக் கொண்டு நிகழ்ச்சியை அளக்கலாமே. பிள்ளைகளிடம், வேறு நம்பிக்கையுள்ள உங்கள் நண்பர்களும் இதை இப்படித்தான் பார்ப்பார்கள் என்று ஆசிரியை சொல்வாரானால் மகிழ்வேன். அவர்கள் மறுநாள் பள்ளியில் உட்காரப்போவது எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில்தான்.

ஞாயிறுபள்ளி ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. வேற்று வாசகி அம்மா எழுதியதை என் வகுப்பில் அப்படியே சொல்வேன். படத்தொகுப்பாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. முதலாளி வேடமிட்டு வேலைக்குச் செல்லும் நிகழ்ச்சியைத்தான் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். கிறிஸ்து அடிமையின் ரூபமெடுத்தார் என்ற பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தோடு அதை ஒப்பிடலாம் என்று எண்ணியிருந்தேன். உங்கள் எழுத்தைப் படித்தபின் கை தயங்குகிறது. மேலும், இத்தனை குறைகளையும் பிள்ளைகளிடம் சொன்னால், எதையும் நம்பாத மனம் அவர்களுக்கு வந்துவிடாதா?

தொகுப்பு மேசை

சகோதரி, ஒப்பிடுங்கள், ஆனால் ஒப்புமை எங்கே முறிகிறது என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 'அண்டர்கவர் பாஸ்' 2009இல் பிரிட்டனிலும் 2010இல் அமெரிக்காவிலும் தொடங்கிய நாள் முதல் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். முதலாளி சில நாள் இறங்கி வருகிறார், தடுமாறுகிறார், மனம் நெகிழ்கிறார், கடைசியில் தாம் சந்தித்த சிலரை அழைத்துப் பரிசளிக்கிறார்; பிறகு தம் நாற்காலிக்குத் திரும்புகிறார். பிலிப்பியரில் இறங்கி வந்தவர் சிலுவை வரைக்கும் இறங்கினார், வேடமும் போடவில்லை. அதோடு, கேமரா சந்திக்காத மற்றத் தொழிலாளிகளின் கூலி என்ன ஆனது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால், வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபு 5ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தைத் திறக்கச் சொல்லுங்கள். முதலாளியின் நெகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. இரக்கம் ஓரிடத்தில் முடிந்து நீதி தொடங்குகிறது, நிகழ்ச்சி அந்த எல்லையில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை போய்விடுமோ என்ற கவலை நியாயமானது. வெறும் குறை கண்டுபிடிக்கும் விளையாட்டாக ஆக்கினால் நிச்சயம் போய்விடும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. அதனால் முதலில் அவர்களைக் கண் கலங்க விடுங்கள், தடுக்காதீர்கள். பிறகு, இந்தக் காட்சியில் உதவி பெற்றவராக நீ இருந்தால் எந்த இடத்தில் கேமராவை அணைக்கச் சொல்வாய் என்று கேளுங்கள். நான் வாலிபர் கூட்டங்களில் கேட்டுப் பார்த்த கேள்வி இது. பதில்கள் ஒருவருக்கொருவர் வேறுபடும், பேச்சு தானாகச் சூடு பிடிக்கும். அதன் பிறகு மத்தேயு 6ஆம் அதிகாரத்தை வாசித்தால், தருமம் செய்யும்போது தாரை ஊதாதே என்பது அவர்களுக்கு வேறு மாதிரி கேட்கும். ஆணிவேர் அவர்கள் கேட்ட பேதுருவுக்கும் அங்கே இடம் கிடைக்கும்: யாரும் பார்க்காவிட்டாலும் கொடுப்பதற்கு ஒருவருக்கு எது பலம் தரும் என்ற கேள்வி அடுத்து வந்தே தீரும். அதற்கு நீங்கள் சுவிசேஷத்திலிருந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

செயலாக ஏதாவது கொடுக்க நினைத்தால் சிறியதாகக் கொடுங்கள்: பெயர் தெரியாமல் ஒருவருக்கு ஓர் உதவி, ஆனால் அடுத்த வாரம் வகுப்பில் வந்து அதைச் சொல்லக் கூடாது. என்ன செய்தாய் என்று நீங்களும் கேட்கக் கூடாது. ஆசிரியர்களுக்குத்தான் இது மிகவும் சிரமம். நிகழ்ச்சியை முழுவதும் காட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடப் பகுதி ஒன்று போதும். அதற்கு மேல் ஓடினால் பேசுவதற்கு நேரம் இருக்காது.